ஆர்ட் தெரபி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஓவியத்தை வைத்து மனநலச் சிகிச்சை செய்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். "அப்ப நான் வரைஞ்சதைப் பார்த்து என்னைப் பத்திச் சொல்லுங்களேன்" என்பார்கள். இல்லையென்றால் "எனக்கு வரையவே வராதே" என்று கையை மடியில் ஒளித்துக்கொள்வார்கள். இந்த இரண்டு பேச்சிலிருந்தும் கிளைத்து வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆர்ட் தெரபின்னா என்ன? டிராயிங் கிளாஸ் மாதிரிதானே?

இல்லை. டிராயிங் கிளாஸில் படம் நன்றாக வர வேண்டும், அதற்காகத்தான் ஆசிரியர் திருத்துகிறார். இங்கே படம் எப்படி வந்தாலும் யாரும் திருத்த மாட்டார்கள். வரைவது, வண்ணம் பூசுவது, களிமண் பிசைவது, பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டுவது என்று கைவேலை ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு மனதில் கிடப்பதை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் கலை சிகிச்சை.

சாதாரண ஆலோசனை அறையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசியாக வேண்டும். ஆர்ட் தெரபி அறையில் மூன்றாவதாகப் படமும் இருக்கிறது. இருவர் பார்வையும் அதன்மேல் போய்விடுவதால், நேருக்கு நேர் சொல்ல முடியாததைச் சொல்வது கொஞ்சம் எளிதாகிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றாவது ஆளைப் பற்றியதுதான்.

எனக்கு ஒரு கோடுகூட நேரா போட வராது. எனக்கெல்லாம் இது சரிப்படுமா?

சரிப்படும். 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 18 முதல் 59 வயது வரையிலான 39 பேரை 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்பட வேலை ஆகியவற்றில் விருப்பம்போல் ஈடுபடவிட்டார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கனவே ஓவியப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான், மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவும் இல்லை. ஆனாலும் "திறமை வேண்டுமா?" என்ற கேள்விக்கு இது போதும்.

ஒரு செஷன்ல என்னதான் நடக்கும்?

தனியாள் அமர்வு சுமார் ஒரு மணி நேரம், குழுவாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் போகலாம். முதலில் கொஞ்சம் பேச்சு. அப்புறம் மேசையில் இருக்கும் பொருட்களில் பிடித்ததை எடுத்துக்கொண்டு செய்ய ஆரம்பிப்பீர்கள். சில சமயம் "இந்த வாரம் உங்களுக்குள் வானிலை எப்படி இருந்தது, அதை வரையுங்கள்" என்பதுபோல் ஒரு தொடக்கம் கொடுக்கப்படும். சில சமயம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் செய்யும்போது சிகிச்சையாளர் பெரும்பாலும் பேசாமல் கூடவே இருப்பார்.

கடைசியில் இருவரும் படத்தைச் சுவரிலோ தரையிலோ வைத்து, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பீர்கள். இந்தத் தள்ளி நிற்பது சடங்கு அல்ல. மூக்கு உரசுகிற தூரத்தில் வரைந்தபோது தெரியாத ஏதோ ஒன்று அங்கிருந்து தெரியும். "இந்த ஆளுக்குக் கை போடவே இல்லையே" என்று வரைந்தவரே வியந்து சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பேச விருப்பமில்லையென்றால் பேசாமலும் முடிக்கலாம்.

பென்சிலா, பெயிண்ட்டா, களிமண்ணா? எதை எடுத்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பென்சில், கிரேயான் போன்றவை சொன்ன பேச்சைக் கேட்கும். வைத்த இடத்தில் கோடு நிற்கும், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். வாட்டர் கலர் கேட்காது. ஈரத்தில் ஓடும், பக்கத்து நிறத்தோடு கலக்கும், தாளை நனைத்துவிடும். விரலால் பூசும் பெயிண்ட்டில் கட்டுப்பாடு இன்னும் குறைவு. கெட்டியானதிலிருந்து இளகியது வரை பொருட்களை இப்படி வரிசைப்படுத்தி, எது சிந்தனையை இழுக்கிறது, எது உணர்ச்சியை இழுக்கிறது என்று விளக்கும் ஒரு மாதிரியைக் காகின், லூஸ்பிரிங்க் என்ற இருவர் 1978இல் முன்வைத்தார்கள். இன்றும் பயிற்சிகளில் அதைக் கற்றுத்தருகிறார்கள்.

எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தே பழகியவருக்கு வாட்டர் கலர் ஒரு சின்ன விடுதலையாக இருக்கலாம். ஏற்கனவே உணர்ச்சி வெள்ளத்தில் திணறுபவரிடம் அதையே நீட்டினால் இன்னும் மூழ்கிவிடுவார். அவருக்குச் சின்ன அட்டை, கூர்மையான பென்சில், சுற்றிலும் முன்கூட்டியே போட்டு வைத்த ஒரு கட்டம். அந்தக் கட்டம் கரை மாதிரி.

களிமண் தனி ரகம். குத்தலாம், அறையலாம், கிள்ளலாம், ஆனால் அது உடைந்துபோகாது, திரும்ப உருட்டினால் உருண்டையாகிவிடும். வெள்ளைத்தாளைப் பார்த்தாலே பயப்படுபவர்களுக்கு வெட்டி ஒட்டும் வேலை நல்லது. படம் ஏற்கனவே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும்.

படம் வரைஞ்சா மனசு எப்படி லேசாகும்? சும்மா ஒரு நம்பிக்கைதானே?

நம்பிக்கையின் பங்கு எந்தச் சிகிச்சையிலும் உண்டு, இதிலும் உண்டு. ஆனால் அது மட்டுமல்ல. ஒரே கவலையை மனம் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை அந்தச் சுற்றைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறது. இது ஓர் ஓய்வு. இந்த அளவுக்குத் தோட்ட வேலையும் தையலும்கூடச் செய்யும்.

அடுத்தது, உள்ளே இருந்தது வெளியே ஒரு பொருளாகிவிடுகிறது. "என் பயம்" என்று சொல்லும்போது அது நீங்களாகவே இருக்கிறது. தாளில் ஒரு கறையாக வந்துவிட்டால் அதைத் திருப்பி வைக்கலாம், மடிக்கலாம், அதைச் சுற்றி வேலி போடலாம், பக்கத்தில் ஒரு ஜன்னல் வரையலாம். பயம் போய்விடுவதில்லை, ஆனால் அதை என்ன செய்வது என்பதில் உங்கள் முடிவுக்கும் இடம் கிடைக்கிறது. நோயிலோ துக்கத்திலோ எதுவுமே தன் கையில் இல்லை என்று இருப்பவருக்கு, நீலமா பச்சையா என்று முடிவு செய்வதுகூட அன்றைக்கு அவர் எடுத்த முதல் முடிவாக இருக்கக்கூடும்.

இன்னொன்று: மோசமான அனுபவங்கள் பல நேரம் கதையாக நினைவில் தங்குவதில்லை. ஒரு வாசனை, வயிற்றில் ஒரு பிசைவு, பாதி உடைந்த காட்சி என்று தங்கிவிடுகின்றன. அதை "சொல்லுங்கள்" என்றால் வார்த்தை வராது. நிறமாகவோ வடிவமாகவோ வரலாம். வார்த்தை அதன் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

இதை யார் கண்டுபிடிச்சாங்க?

ஒரே ஆளைக் காட்ட முடியாது. 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்காக இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து நாளைக் கழித்தவர், பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் ஓவியத்தை மனப்பகுப்பாய்வோடு சேர்த்தார். படம் என்பது குறியீட்டுப் பேச்சு, அதைப் பற்றி உரையாட வேண்டும் என்பது அவர் கட்சி. எடித் கிரேமரோ, உருவாக்கும் செயலே குணப்படுத்துகிறது என்றார். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கிரேமரின் ஆசிரியை ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டிஸ். நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவியம் கற்றுக்கொடுத்தவர். 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்த சுமார் 4,500 படங்கள் போருக்குப் பின் கிடைத்தன. பிரேசிலில் நீஸ் ட சில்வெய்ரா என்ற மனநல மருத்துவர் மின் அதிர்ச்சி கொடுக்க மறுத்து, 1946இல் மருத்துவமனைக்குள்ளேயே ஓவியக்கூடம் திறந்தார். அங்கே சேர்ந்த படங்களுக்காக 1952இல் ஓர் அருங்காட்சியகமே உருவானது.

கலரிங் புக் வாங்கி தினமும் கலர் அடிக்கிறேன். அதுவும் ஆர்ட் தெரபிதானே?

கலர் அடிப்பது நல்ல பழக்கம், சிகிச்சை அல்ல. முதல் பதிலில் சொன்ன மூவரில் அங்கே இருவர்தான் இருக்கிறீர்கள். அதற்காக அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2005இல் கரி, காஸர் இருவரும் 84 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், மண்டலா (வட்டத்துக்குள் கோலம்போல் அமைந்த வடிவம்) அல்லது கட்டம்கட்டமான வடிவத்துக்கு வண்ணம் பூசியவர்களுக்கு, வெற்றுத் தாளில் இஷ்டத்துக்கு வண்ணம் பூசியவர்களைவிடப் பதற்றம் அதிகம் குறைந்தது. ஓரளவு சிக்கலும் ஓர் ஒழுங்கும் இருந்தால் மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது.

அட்டையில் 'ஆர்ட் தெரபி' என்று அச்சடித்து விற்கிறார்களே என்றால், அது விற்பவர்களின் சாமர்த்தியம்.

கோபமா இருக்கும்போது அந்தக் கோபத்தையே வரைஞ்சு கொட்டிட்டா சரியாயிடுமா?

கொட்டித் தீர்த்தால் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எலன் வின்னர், ஜெனிஃபர் டிரேக் போன்ற உளவியலாளர்கள் செய்த சோதனைகள் வேறு மாதிரி சொல்கின்றன. சோகமான காட்சியையோ நினைவையோ எழுப்பிவிட்டு வரையச் சொன்னபோது, அந்தச் சோகத்தையே வரைந்தவர்களைவிட வேறு எதையாவது வரைந்தவர்களின் மனநிலைதான் அதிகம் தேறியது.

ஆனால் அவர்கள் அளந்தது சில நிமிடங்களில் ஏற்படும் மாற்றத்தை. பத்து வருடக் கோபத்தை ஒரு தேநீர்க் கோப்பையை வரைந்து கடந்துவிட முடியாது. இன்று இரவு தூங்க வேண்டும் என்றால் வேறு எதையாவது வரையுங்கள். கோபத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் துணையோடு கோபத்தை வரையுங்கள்.

என் படத்தைப் பார்த்து என் மனசைப் படிச்சிடுவாங்களா?

முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். படத்துக்கு அகராதி கிடையாது. ஒருவருடைய பாம்பு பயமாக இருக்கும், இன்னொருவருடைய பாம்பு காவலாக இருக்கும், மூன்றாமவருக்கு அது கயிறு, சரியாக வரவில்லை. சிகிச்சையாளரின் வேலை கேட்பது: "இவர் எங்கே போகிறார்?", "இந்தப் படத்துக்குள் போக முடிந்தால் எங்கே நிற்பீர்கள்?" பதில் உங்களுடையது.

என் பையன் எல்லாத்தையும் கறுப்புலயே வரையறான். பயப்படணுமா?

கறுப்பை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். வெள்ளைத் தாளில் பளிச்சென்று தெரிவது கறுப்புதான். டப்பாவில் மற்ற கிரேயான்கள் உடைந்திருக்கலாம். இணையத்தில் சுற்றும் 'எந்த நிறத்துக்கு என்ன குணம்' பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இந்த மாதிரிப் பொருள் சொல்வது எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதற்கு 1967இல் சாப்மன் தம்பதியர் செய்த சோதனை நல்ல உதாரணம். நோயாளிகள் வரைந்த மனித உருவங்களையும் நோய் அறிகுறிகளையும் தொடர்பே இல்லாதபடி கலைத்துப்போட்டு, பயிற்சியில்லாத மாணவர்களிடம் காட்டினார்கள். பெரிய கண் வரைந்தவர்கள் சந்தேகப் பேர்வழிகள் என்பதுபோன்ற 'உண்மைகளை' மாணவர்கள் அதில் கண்டுபிடித்தார்கள். அனுபவமுள்ள நிபுணர்கள் நம்பிவந்ததும் அதையேதான். அதாவது, எதிர்பார்த்தது கண்ணுக்குத் தெரிந்தது.

பார்க்க வேண்டியது மாற்றங்களை. தூக்கம், சாப்பாடு, விளையாட்டு, நண்பர்கள் எல்லாம் திடீரென்று மாறி, கூடவே ஒரே பயங்கரக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால் மனநல நிபுணரிடம் அழைத்துப் போங்கள். மற்றபடி "ஏன் கறுப்பு?" என்று விசாரிக்காதீர்கள். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இது குழந்தைங்களுக்குத்தானே? பெரியவங்களுக்கு என்ன?

குழந்தைகளுக்கு இது இயல்பாக வரும், அவ்வளவுதான். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், இழப்பில் இருப்பவர்கள், மறதிநோயால் வார்த்தைகளை இழந்துவரும் முதியவர்கள் என்று பலரோடும் இந்த வேலை நடக்கிறது. அமெரிக்காவின் பெதஸ்டா ராணுவ மருத்துவ வளாகத்தில், மூளைக்காயமும் போர் அதிர்ச்சியும் உள்ள வீரர்கள் வெற்று முகமூடிகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். பாதி முகம் சாதாரணமாகவும் மறுபாதி பிளந்தும், வாய் பூட்டப்பட்டும் இருக்கும் முகமூடிகள். வீட்டாரிடம் வருடக்கணக்கில் சொல்ல முடியாததை அவை சொல்லிவிட்டன என்று அவர்களில் சிலர் கூறியிருக்கிறார்கள்.

இது வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சி நிரூபிச்சிருக்கா?

நேர்மையாகச் சொன்னால், சிலவற்றில் ஆம், சிலவற்றில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் கலைகளும் நலமும் பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. கலைகள் நோயைத் தடுப்பதிலும் நோயோடு வாழ்வதிலும் பங்காற்றுகின்றன என்றது. அதில் பாட்டு, நடனம், வாசிப்பு எல்லாம் அடங்கும். ஆர்ட் தெரபிக்கு மட்டுமான சான்றாக அதைக் காட்டுவது சரியல்ல.

மறுபக்கம், 2012இல் வெளியான பிரிட்டனின் 'மட்டிஸ்' ஆய்வு. மனச்சிதைவு நோயுள்ள 417 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு முறை குழு ஆர்ட் தெரபி, ஒரு வருடம். முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் மேம்படவில்லை. பலர் அமர்வுகளுக்குச் சரியாக வரவே இல்லை என்பது உண்மைதான். அதை மட்டும் காரணம் காட்டி இந்த முடிவை ஒதுக்கிவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. விருப்பம் கேட்காமல் எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கும் சிகிச்சையாக இது இருக்க முடியாது என்பதுதான் நான் அதில் எடுத்துக்கொண்டது.

அப்ப மாத்திரையை நிறுத்திட்டு இதுக்கு வரலாமா?

வேண்டாம். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரோடு பேசி மட்டுமே. ஆர்ட் தெரபி மருந்தோடும் ஆலோசனையோடும் சேர்ந்து நடக்கக்கூடியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கிரேயானைத் தேடாதீர்கள். உடனே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, மருத்துவமனைக்குப் போங்கள்.

வரைஞ்சதுக்கு அப்புறம் அழுகை அழுகையா வந்துச்சு. தப்பா ஏதாவது பண்றேனா?

அழுகை வந்து, அரை மணியில் தணிந்து, உடம்பு தளர்ந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பழைய சம்பவம் இப்போது நடப்பதுபோலவே எழுந்தால், இரவுகளில் தொடர்ந்தால், தனியாகத் தொடராதீர்கள். அந்த நிமிடத்தில் வரைவதை நிறுத்துங்கள். தாளைக் கவிழ்த்து உறைக்குள் போட்டு மூடுங்கள். கால் பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பொருட்களைப் பற்றிய பதிலில் சொன்ன 'கரை' இங்கேதான் தேவைப்படுகிறது. அமர்வில் சிகிச்சையாளர் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கிவைப்பார்.

வீட்டுல தனியா செய்யணும்னா எப்படி ஆரம்பிக்கிறது?

சின்னத் தாள், இரண்டு மூன்று நிறம், பதினைந்து நிமிடம். கண்ணை மூடி ஒரு கிறுக்கல் போட்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதாவது உருவம் தெரிந்தால் அதைத் தொடருங்கள். கீழே தேதி மட்டும் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், ஸ்டேட்டஸில் போட வேண்டாம். லைக் எண்ண ஆரம்பித்ததும் அது டிராயிங் கிளாஸாகிவிடும். பழைய காயங்களைத் தனியாகத் தோண்ட வேண்டாம், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

நல்ல தெரபிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர், பதிவு செய்யாதவர் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பு எதிர்பார்க்கப்படுகிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் இரண்டு நாள் பயிலரங்குச் சான்றிதழோடும் ஒருவர் பலகை மாட்டலாம். எனவே கேளுங்கள்: ஓவியத்தில் மட்டுமல்லாமல் உளச்சிகிச்சையிலும் எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் இருக்கிறாரா? எனக்கு நெருக்கடி வந்தால் என்ன செய்வீர்கள்? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்பவர் வேண்டாம். முதல் சந்திப்பிலேயே படத்துக்குப் பலன் சொல்பவரும் வேண்டாம்.

நான் வரைஞ்ச படம் யாருக்குச் சொந்தம்?

உங்களுக்கு. சிகிச்சை நடக்கும்வரை பெரும்பாலும் அது ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும். நீங்கள் பேசியது எவ்வளவு ரகசியமோ அதே அளவு ரகசியம் படத்துக்கும் உண்டு. உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கண்காட்சியிலோ பயிற்சி வகுப்பிலோ காட்டக்கூடாது. முடிந்தபின் எடுத்துப் போகலாம், கிழிக்கலாம், அங்கேயே விட்டுவிட்டும் போகலாம். கிழிப்பதென்றால் அவசரப்படாமல், அதைப் பற்றியும் ஒரு அமர்வு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

டேப்லெட்ல வரையலாமா? ஏஐ-கிட்ட சொல்லிப் படம் போட வச்சா?

டேப்லெட் பரவாயில்லை. கை நடுங்குபவர்களுக்கும் கையில் அழுக்குப் படுவது பிடிக்காதவர்களுக்கும் வசதி. போட்டதை அழித்துத் திரும்பும் 'அன்டூ' பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறீர்கள் என்பதே பேசத்தக்க விஷயம். ஏஐ போட்ட படத்தை வெட்டி ஒட்டும் படத்தைப்போல் தேர்ந்தெடுத்துப் பேசலாம், ஆனால் கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் பகுதி அதில் இல்லாமல் போகிறது.

நான் ஓவியர். தினமும் வரையறேன். எனக்கு ஏன் இது உதவல?

ஓவியர்களோடு வேலை செய்வதுதான் கடினம். கை தானாகவே அழகாக்கிவிடும். சோகத்தை வரையச் சொன்னால் நல்ல சோகப் படம் வந்துவிடும், சோகம் அப்படியே இருக்கும். எப்படி மறைப்பது என்று திறமைக்குத் தெரியும். தவிர, உங்களுக்குப் படம் என்றாலே பார்வையாளர், விலை, விமர்சனம் எல்லாம் சேர்ந்துதான் வருகிறது.

அதனால் உங்கள் கருவியை விட்டுவிடச் சொல்வேன். தூரிகைக்காரருக்குக் களிமண், சிற்பிக்குக் கிரேயான். அல்லது பழகாத கையால் வரைவது. முதல் சில அமர்வுகளில் உங்களுக்கு எரிச்சல் வரும், "இது என் வேலை மாதிரியே இல்லை" என்பீர்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் என்னிடம் கொடுங்கள். அடுத்த வாரம் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.